மூன்றாம் நம்பர் கதவுக் கடல்

1984 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே உள்ள செம்பனை எண்ணெய்த் தோட்டமொன்றின் மூன்றாம் நம்பர் கால்வாயில் தென்துருவக் கடல் வந்து தங்கியது. கால்வாயின் மதகுக் கதவைத் திறந்து மூடும் கதவுக்காரன் ஐயாவு தண்ணீரில் காலை வைத்தான். சுண்டுவிரல் மரத்துப் போனது. கஞ்சியில் ஆடை படிவதுபோல ஓரமெல்லாம் பனி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பாலன் தன் மகளின் அட்லஸைப் பிரித்து அடிக்கோடியில் விரல் வைத்து, "இங்கேர்ந்து வந்திருக்கு" என்றார். தோட்ட மேலாளரான துரை வந்து பார்த்தார். பனி கதவை அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஐயாவுக்கு வேறு கவலை. மூன்று மாதக் கர்ப்பிணியான மனைவி நவமணி சாப்பிட்ட எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில், இப்படியே போனால் பிள்ளை தங்காது என்றார்கள். கால்வாயில் வந்த பொடிச் சிவப்பு இறாலை வறுத்துக் கொடுத்தான். தங்கியது.

"ருசியா இருக்கா?"

"இல்ல. வாந்தி வரல, அவ்வளவுதான்."

அதன்பின் அவன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில்லாத நாளில் பனி உருகிய இலேசான நீர், ரசத்தில் எண்ணெய் மிதப்பதுபோல, கனத்த உப்புநீரின் மேல் கிடந்தது. வெயில் பட்ட அந்த மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகித் தண்ணீர் பழுப்பானது. அதை மேய இறால் வந்தது. காற்று கலக்கினால் பாசி அடி இருட்டுக்குள் இழுபட்டது. அந்த இடத்தில் பச்சைக் கொழகொழப்பு வளர்ந்தது. இறால் அதைத் தொடவில்லை. உப்பு குறைந்தாலோ, தூசியைவிடப் பொடியான வேறொரு பாசி வந்தது. இறாலின் காலிடுக்கில் அது நிற்கவில்லை. இறால் போய்விட்டது.

அக்டோபர் மழையில் செம்பனை வேர்கள் மூழ்கின. கதவைத் தூக்கு என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையா. கடல் இறங்கும் வற்றத்தின்போது ஐயாவு சங்கிலியை இழுத்து ஒரு சாண் தூக்கினான். மறுநாள் இறால் பாதியாகிவிட்டது. நவமணி மறுபடி வாந்தியெடுத்தாள். ஐயாவு கதவருகே குந்தி யோசித்தான். கதவைத் தூக்கினால் தண்ணீர் அடிவழியாகத்தான் போகும். அடியில் இருப்பது கடல். மழை மேலே அப்படியே கிடக்கிறது. அவன் கடப்பாரையை எடுத்துவந்து, கதவின் மேல்பலகைகள் இரண்டைப் பெயர்த்தான்.

"தொறக்கச் சொன்னா ஒடைக்கிறியா? தொர கேட்டா ஓன் வேல போச்சு லா."

"மழ மட்டும் போவட்டும் மண்டோரே. கடலு நிக்கட்டும்."

"செம்பன செத்தா?"

"நாலு வற்றம் குடுங்க."

முருகையா கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நான்காம் வற்றத்தில் வேர்கள் வெளியே தெரிந்தன. மூன்று நாள் கழித்துத் தண்ணீர் மறுபடி பழுப்பானது, இறாலும் வந்தது. துரை புதுப் பலகைகளுக்குக் கையெழுத்துப் போட்டார். தேவைப்படும்போது கழற்றுவதற்குக் கொக்கியும் வைக்கச் சொன்னார்.

பிப்ரவரியில் நவமணிக்குப் பெண் பிறந்தது. சாதாரணக் குழந்தை, அழுதது, பால் குடித்தது. மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முருகையா வழக்கம்போல ஆட்களைப் பிரித்தார்: புல் வெட்ட எட்டுப் பேர், உரம் போட ஆறு பேர், மூன்றாம் நம்பரில் பனி உடைக்க ஒருத்தர்.