சாட்சிக் கண்ணாடி

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதன் குறுக்கே மூன்று கண்ணாடிச் சில்லுகளைச் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிவிட்டுப் போயிருந்தார் பொறியாளர் அனார்கிரோஸ். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அருங்காட்சியகத்தைப் பூட்ட வேண்டும். தினமும் காலையில் அதைப் பார்த்துச் சொல்வது காவல்காரி கலிரோயியின் வேலை.

திங்கட்கிழமை காலை நிலநடுக்கத்தில் தீவு லேசாக ஆடியது. துறைமுகத்தில் யாரும் காப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கலிரோயி போய்ப் பார்த்தபோது நடுக் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

பூட்டினால் அவளை வேறு தீவுக்கு மாற்றிவிடுவார்கள். புருஷன் கப்பல் வேலையில். எட்டு வயது மகள் ஃபோதினியை யாரிடம் விடுவது? வீட்டு மாதா படத்தின் கண்ணாடியைக் கழற்றி வந்து, அறுத்து, ஒட்டினாள். பழைய தேதியையே எழுதினாள். புதுச் சாந்து பளிச்சென்று தெரியாதிருக்கக் காப்பி மண்டியைத் தடவினாள். பாவிதான், ஆனாலும் கைகாரி.

புதன்கிழமை அனார்கிரோஸ் கப்பலில் வந்து, மூன்றையும் பார்த்துச் சிரித்தார்.

"இந்தச் சுவரு என் மாமியா மாதிரிம்மா. உறுமும், எடத்த விட்டு நகராது."

வெளியே மழை. முற்றத்தில் உட்கார்ந்து படம் வரைய வேண்டிய பள்ளிப் பிள்ளைகள் நனைந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

"சார், பிள்ளைங்க இங்க உக்காந்து இந்தக் கூடத்துப் பழைய தாழிய வரையட்டுமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"தாராளமா. அதான் கண்ணாடி சொல்லுதே."

"இங்க ஒரே ஈரம் டீச்சர், ரெண்டாம் கூடத்துக்குப் போங்களேன்," என்றாள் கலிரோயி.

"பரவால்லக்கா."

இருபத்திரண்டு பிள்ளைகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். விரிசலுக்கு நேர் கீழே ஃபோதினி. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அப்போது சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. கலிரோயி நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒட்டிய கண்ணாடி உடைந்திருந்தது.

"ஃபோதினி, இங்க வா."

"டீச்சர் அசையக் கூடாதுன்னாங்கம்மா."

தன் பிள்ளையை மட்டும் கூப்பிட்டோமே என்று அவளுக்கே கூசியது. சுண்ணாம்புத் தூள் பிள்ளைகளின் தலையில் உதிர்ந்தது.

"சார், நடுக் கண்ணாடி திங்கக்கெழமயே ஒடஞ்சுது. நாந்தான் மாத்தி ஒட்டினேன்."

அனார்கிரோஸ் திட்டவில்லை. முகம் வெளிறிப்போய், கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை இரண்டிரண்டாக இழுத்து வாசல் பக்கம் தள்ளினார். டீச்சரும் ஓடி வந்தாள். மேல் கண்ணாடி தெறித்தது. பிறகு கீழ்க் கண்ணாடி.

ஃபோதினி மட்டும் இன்னும் சுவரோரம் குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள். கலிரோயி உள்ளே ஓடினாள்.