மாசத்துக்கு ஒரு ஊசி

கஸ்பார் தன் மகளோடு பேசுவதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் ஒரே மாடிப் போர்ஷன், ஒரே குக்கர், ஒரே பாத்ரூம். பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால் மாடிப்படியில் நின்று கீழ் வீட்டு உமைமாவைக் கூப்பிடுவார். “உமைமா, அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு, கேஸு தீந்துபூட்ச்சி.” அந்தப் பொண்ணு, அதாவது ஜூடி, அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பாள். உமைமாவும் சளைக்காமல் கீழேயிருந்து, “ஜூடி, கேஸு தீந்துபூட்ச்சாம்!” என்று கத்துவாள். நல்ல கூத்து. முதல் வருஷம் தெருவே சிரித்தது, அப்புறம் பழகிவிட்டது.

ஊசி நேரம் மட்டும் வேறு. கஸ்பார் ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனிதர். மூளைக்கு அடியில் இருக்கிற சின்னச் சுரப்பி ஒன்று கோளாறு செய்து, ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் கையும் காலும் தாடையும் வளர ஆரம்பித்தன. கல்யாண மோதிரத்தை நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் காலையும் மாலையும் தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும். முன்பு மனைவி ஹில்டா போட்டாள். அவள் போன பிறகு ஜூடி. கஸ்பார் பால்கனி ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற கண்டெய்னர் லாரியைப் பார்ப்பார். ஜூடி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சதையைக் கிள்ளிப் பிடித்து, மருந்தை ஏற்றுவாள். அந்த இரண்டு நிமிஷம்தான் அவளுக்கு அப்பா. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் நாற்பதைத் தாண்டியவளுக்கு, இன்னொரு உடம்பின் சூடு கையில் படுவதும் அப்போது மட்டும்தான்.

இதில் விதியின் கொழுப்பைப் பாருங்கள். மணலியில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஜூடிக்கு வேலையே அந்த ஊசியை ஒழித்துக்கட்டுவதுதான். அதில் இருப்பது பெப்டைடு என்கிற புரதத் துணுக்கு மருந்து, ரத்தத்துக்குள் போன வேகத்தில் சிதைந்துவிடும். அதனால்தான் தினம் குத்த வேண்டியிருக்கிறது. உடம்புக்குள் தானாகக் கரைகிற தையல் நூலை எதில் செய்கிறார்களோ, அதே பொருளில் கண்ணுக்குத் தெரியாத பொடிமணிகள் செய்து, மருந்தை அவற்றுக்குள் அடைத்துவிட்டால், மணி கரையக் கரைய மருந்து ஒரு மாதம் கசிந்துகொண்டிருக்கும். வெளிநாட்டுச் சரக்கு ஏற்கெனவே உண்டு, கஸ்பார் மாதிரி ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. உள்ளூரில் செய்ய வேண்டும். சொல்லும்போது சுலபம். ஜூடி செய்த மணிகளோ முதல் நாளே பாதி மருந்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் பல நாள் கம்மென்று கிடந்தன.

கசிவை அளக்க, மணிகளை உடம்புச் சூட்டில் தண்ணீரில் போட்டு வைத்து, குறித்த நாளில் குறித்த வேளையில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஞாயிறு, பண்டிகை எல்லாம் கிடையாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூடி லேபில் இருந்தாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போது ஹில்டாவுக்கு நெஞ்சுவலி. கஸ்பார் மகளுக்குப் போன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஜூடி வெளியே வந்து போனைப் பார்த்து வீட்டுக்கு ஓடி வந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள்.

“உங்கம்மா சாவ சொல்லோ உனுக்கு அந்தத் தண்ணிதான் பெருசா பூட்ச்சா?” என்று கேட்டார் கஸ்பார். அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அன்றைக்குப் பார்த்த பேட்சும் தேறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கப்புறம் ஜூடி வெறி பிடித்தவளாக வேலை செய்தாள். கடைசியில் கை கொடுத்தது உப்பு. மணிகள் இறுகுகிற தண்ணீரில் உப்புச் சேர்த்ததும், வெளித்தண்ணீர் உள்ளே புகுவது குறைந்து, மணிகள் ஓட்டையில்லாமல் கெட்டிப்பட்டன. “கருவாட்டு ஊர்ல பொறந்துட்டு, உப்பு ஞாபகம் வர இவ்ளோ நாளா மேடம்?” என்று கூட வேலை செய்யும் திலீப் கிண்டல் செய்தான். முதல் நாள் கொட்டல் நின்றுபோய், மருந்து மாதக் கடைசி வரை நிதானமாக வந்தது. எல்லாரும் கேக் வெட்டினார்கள். ஜூடி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இது தேறாமலே போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். சேசுவே, என்ன நினைப்பு இது! எத்தனை பேர் இந்த மருந்துக்குக் காத்திருக்கிறார்கள்! அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். நினைப்பு போகவில்லை.

சோதனை, அனுமதி எல்லாம் தாண்டி மருந்து கடைக்கு வர வருஷங்கள் ஆயின. இந்த ஜூன் மாதம் டாக்டர் அதை கஸ்பாருக்கும் எழுதிக் கொடுத்தார். அது பிட்டத்தில் ஆழமாகப் போடுகிற ஊசி, நர்ஸ்தான் போடுவார். ஜூடி திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவள் செய்த மருந்து அவள் கை படாமலே ஏறியது.

ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறும் வரை, இரண்டு வாரம் பழைய ஊசியையும் தொடரச் சொன்னார் டாக்டர். கும்பிட வேண்டும் போல இருந்தது ஜூடிக்கு. அந்த நாட்களில் ஒவ்வொரு வேளையும் பஞ்சை ஒரு சுற்றுக் கூடுதலாகவே தேய்த்தாள். கஸ்பார் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஊசியும் போட்டாயிற்று. மறுநாள் காலை ஜூடி ஊசித் தட்டை எடுக்கவில்லை. துப்பட்டாவில் ஊக்குக் குத்தி, டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, செருப்பை மாட்டினாள். கல்மண்டபம் ஸ்டாப்புக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

கஸ்பார் பால்கனி ஓரத்து நாற்காலியில், பனியனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறந்துவிட்டார் போலிருக்கிறது. “அப்பா” என்றாள். கூப்பிட்டுப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. “நேத்தோட முடிஞ்சிச்சிப்பா. இனிமே மாசத்துக்கு ஒண்ணுதான். ஆஸ்பத்திரில போட்டுடுவாங்க.”

உமைமாவைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கூப்பிடவில்லை. பனியனையும் இறக்கவில்லை.

“தெரியும்” என்றார், தெருவைப் பார்த்தபடியே. “டாக்டர் சொல்ல சொல்லோ நானுந்தானே இருந்தேன். எனுக்கு இன்னா, காதா பூட்ச்சி?”



அவருடைய பெரிய விரல்கள் பனியன் விளிம்பைச் சுருட்டின, பிரித்தன, மறுபடி சுருட்டின. “பஞ்சையாவது வெச்சிட்டுப் போ, ஜூடி” என்றார்.

அவள் செருப்போடு உள்ளே ஓடி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து வந்தாள். பஞ்சை நனைத்து, குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தைத் துடைத்தாள். ஸ்பிரிட் காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. எடு என்று அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேன் போய்விட்டது, பஸ் பிடித்துத்தான் மணலிக்குப் போனாள்.