விலைக்கு வாங்கிய அறுகு

தோள் உயரம் வளர்ந்த பார்த்தீனியத்துக்குள் ஒரு மஞ்சள் சேலை மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஆளைக் காணவில்லை, செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்வதைக் கொண்டுதான் அவள் எங்கே குனிந்திருக்கிறாள் என்று ஊகிக்கிறேன், பாவாத்தா என்று கூப்பிடுகிறேன், அவள் நிமிர்வதில்லை, நிமிரவும் இயலாது, ஏனெனில் என் மனைவி பாவாத்தாள் அந்நேரம் வீட்டுக்குள் கட்டிலில், பக்கவாதம் வலப்புறத்தை எடுத்துக்கொண்ட உடம்போடு படுத்திருக்கிறாள், வேலிக்கு இப்பால் நின்று நான் காண்பது பழைய ஆண்டுகளின் ஏதோ ஒரு பகல், அல்லது நின்றபடியே கண்ட கனவு, இரண்டையும் பிரித்தறிய நான் முயன்றதில்லை. அந்த நிலம் அவள் தகப்பனார் கொடுத்தது, கடலையும் சோளமுமாக அதை அவளே ஆண்டாள், நான் பஞ்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பாதித்தவன், அறுவடையன்று மட்டும் வேட்டி மடிப்புக் கலையாமல் வரப்பில் வந்து நிற்பேன், அவள் படுத்தபின் ஒரே ஒரு மழைக்காலம் போதுமாயிருந்தது, வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் எருக்கும் கோரையும் மூடிக்கொள்ள. பயிற்சி கொடுக்க வரும் ஜெசிந்தா என்ற பெண் சொன்னாள், சார், அம்மாவுக்குக் கால்ல பலம் வந்துட்டுதான் இருக்கு, சிமெண்டுத் தரையில விழுந்துடுவோம்ங்கிற பயம்தான் விடமாட்டேங்குது, மெத்துன்னு ஒரு புல்தரை இருந்தா நடந்துடுவாங்க, கைதான் சார் கவலையா இருக்கு, விரல் மூடுது, பிடிச்சதை விட வரலை. ஆம், அந்த வலக்கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தால் இறுக்கிக்கொள்ளும், ஜெசிந்தா விடுங்கம்மா என்றால் விடாது, ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுப்பேன், அதைப் பார்த்துக்கொண்டே பாவாத்தாள் சொல்வாள், இவரோட குடும்பம் நடத்துன கை கண்ணு, பிடிச்ச பிடியை விடறதுன்னா என்னன்னு அதுக்கெங்க தெரியும். சிரிப்போம், ஆனால் இலையின் முன்னால் உட்காரும்போது சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, இடக்கையால் உண்ண அவள் உடன்படவில்லை, பட்டினி கிடந்தாலும் கிடப்பேன் என்றாள், மூன்று வேளையும் நான் ஊட்டினேன், ஒவ்வொரு கவளத்தின்போதும் அவள் கண்களை மூடிக்கொள்வது சோற்றின் சுவைக்காக அன்று என்பது எனக்குத் தெரியும், அந்தக் கை திறக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், எனக்கு வேண்டியதும் அதுவே.

புல்லுத் தரையா, நம்ம காட்டுலயா, என்று கேட்டாள், அந்த நிலத்தைத்தான் அவள் காடு என்பாள், போட்டுக்கங்க மாமா, நான் எந்திரிக்கற வரைக்குந்தான், அப்புறம் அதுல கடலக்காய் போடோணும், என்றாள். அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து டிராக்டரோடு வருகிறார், இறங்கும்போதே, ஏனுங் மாப்ள, ஊர்ல எல்லாரும் புல்லை எடுத்துட்டு வெள்ளாமை வெப்பாங்க, நீங்க வெள்ளாமைக் காட்டுல புல்லு வெக்கறீங்க, எங்க எருமைக்கு இன்னிக்கே சொல்லி வெச்சுடட்டுங்களா, என்கிறார், உங்கள் எருமையும் காலாற நடக்க வேண்டுமானால் வரலாம் என்கிறேன். எருக்கை வெட்டி, பார்த்தீனியத்தைப் பிடுங்கி, இரண்டு உழவு ஓட்டி, கோரைக்கிழங்கைப் பொறுக்கி, பரம்படித்து நிலத்தைச் சமன்செய்தபின் நகரத்து நாற்றுப்பண்ணையிலிருந்து சாக்குகளில் புல் வந்து இறங்கியது, நாச்சிமுத்து ஒரு கொடியை எடுத்துக் கணுவைக் கிள்ளினார், வாயில் வைத்து மென்றார், அப்புறம் சாக்கின்மீதே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார், மாப்ள, இது நம்ம அறுகம்புல்லுங்க, காசு குடுத்துக் களையை வாங்கிட்டு வந்திருக்கீங்க. பண்ணையில் இதன் பெயர் பெர்முடா என்றார்களே என்றேன். பட்டணத்துல அதுக்குப் பேரு வேற மாப்ள, பொறந்தது என்னமோ நம்ம வரப்புலதான், தங்கச்சிக்கு மட்டும் தெரிஞ்சுது, இருக்கற ஒத்தைக் கையிலயே உங்களைத் தீத்துப்போடுவா. அவர் சொன்னது மிகையன்று, அறுகின்மேல் அவளுக்கிருந்த பகையை நான் அறிவேன், ஒரு கணு மண்ணுக்குள் தங்கினாலும் காடு முழுக்கத் திரும்பி வரும் என்று களைக்கொத்தோடு மண்டியிட்டுத் தோண்டுவாள், எங்கள் மூத்த மகன் வயிற்றிலிருந்த மாதங்களிலும் தோண்டினாள், பட்டுச்சேலை கட்டிக் கோயிலுக்குப் போகும் வழியில் யாருடைய வயலோரத்திலோ நின்று நான்கு கொடிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் நடப்பாள், அது நம் நிலமில்லை பாவாத்தா என்றால், புல்லுக்கு அது தெரியுங்களா என்பாள், மஞ்சள் பூசிக் குளித்த பிறகும் அவள் விரலிடுக்கில் ஒரு பச்சைக் கறை இருக்கும், திருமணமான புதிதில் அந்தக் கறையை நான் முகர்ந்து பார்த்ததுண்டு, இதோ இப்போதும் அந்த மணம் வருகிறது, சாக்குகளிலிருந்து வருகிறதா, அந்த நாளிலிருந்து வருகிறதா, வாங்கியாயிற்று, வேறு வழியில்லை, நடச் சொல்லிவிட்டேன். அறுகு எனக்காக அல்ல, தன் இயல்பினால் ஓடிப் பரவியது, இரண்டு மாதத்தில் ஒரே பச்சை, ஓரங்களை நான் கத்தரிக்கோலால் திருத்தினேன், வாழ்நாளில் நான் செய்த ஒரே வேளாண்மை களை வளர்த்தது.

தையின் இளவெயிலில் அவளை அழைத்து வருகிறோம், ஒருபுறம் ஜெசிந்தா, மறுபுறம் நான், வெறுங்காலைப் புல்லில் வைத்தாள், மெத்துனு இருக்குது என்றாள், வலக்காலை இழுத்து இழுத்து ஐந்தாறு எட்டு வைத்தாள், அவளுக்குப் பயமில்லை, நான் தரையை அவள் பார்க்காதிருக்க வேண்டுமென்று வானத்தைக் காட்டிக் கொக்கு போகிறது என்றேன், அவள் தரையைத்தான் பார்த்தாள், என்னை உக்கார வெய்யுங்க என்றாள். உட்கார வைத்தோம். மாமா, இது என்ன புல்லுங்க. வெளிநாட்டுப் புல். அப்படீங்களா, என்றாள், குரலில் ஒன்றும் இல்லை, மடியில் கிடந்த வலக்கை அசைந்தது, தோளிலிருந்து கை சரிந்து இறங்க, மடங்கிய விரல்கள் புல்லுக்குள் போய் நின்றன, மூடிக்கொண்டன, மூடத்தான் அவற்றுக்குத் தெரியுமே, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள், நீண்ட கொடியொன்று மண்ணோடு பெயர்ந்து வந்தது, அம்மா, புல்லு கெட்டுடும், என்று தொடங்கிய ஜெசிந்தா பாதியில் நிறுத்திக்கொண்டாள், கை கொடியை முழங்காலில் இரண்டுமுறை அடித்து மண்ணை உதறியது, யாரும் சொல்லித்தராத ஒழுங்கோடு பக்கவாட்டில் உயர்ந்தது, எறிவதற்காக விரிந்தது. விரிந்தது, கட்டைவிரல் முதலில், மற்றவை பின்னால், கொடி பறந்து என் வேட்டியில் விழுந்தது, வெளிநாட்டுப் புல்லாமா, வெளிநாட்டை நீங்களே வெச்சுக்கங்க, என்றாள் பாவாத்தாள், சொன்ன பிறகுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், மூன்று பேரும் அதையே பார்த்தோம், வெயில் அதில் சற்றுநேரம் தங்கியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு காலையும் பிடுங்குகிறாள், நான் நட்ட புல்தரையில் அம்மைத் தழும்புபோலச் செம்மண் திட்டுகள், என்னுங் மாப்ள, கடலை விதை ஊற வெச்சுரட்டுங்களா, என்று நாச்சிமுத்து வேலிக்கு அப்பாலிருந்து கேட்கிறார், அவள் கை தேறுவதற்குள் புல் தீர்ந்துவிடக் கூடாதே என்று மாலையில் நான் அறுகுக்குத் தண்ணீர் விடுகிறேன், அது அவளுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறாள். இன்று அவளை மறைப்பதற்கு ஒரு செடியும் இல்லை, வெட்டவெளியில் குனிந்திருக்கிறாள், பாவாத்தா என்று கூப்பிடுகிறேன், நிமிர்கிறாள், அங்க நின்னு என்னத்தப் பாக்கறீங்க, கணு உள்ளயே நின்னுபோச்சு, வந்து தோண்டுங்க, என்கிறாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளருகே மண்டியிடுகிறேன், எனக்குத் தோண்டத் தெரியவில்லை, அப்படியில்லீங்க மாமா, இப்படி, என்று மண் அப்பிய தன் வலக்கையை என் கைமேல் வைத்து அழுத்துகிறாள்.