தண்ணிக்குள்ள அப்படி ஆயிட்டா?

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பக்கத்து நாற்காலிக்காரி போனில் கேட்டாள்: "தண்ணிக்குள்ள இருக்கும்போது அப்படி ஆயிட்டா?" அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் நானே கட்டியது.

2

நீலக்கடலில் சிதறிய பாசிமணிகளாய் அந்தத் தீவுகள்...

(வேண்டாம். நான் எந்தத் தீவையும் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்தே தொடங்குகிறேன்.)

மேஜை முழுக்க வரைபடம். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி அதில் தீவு தீவாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். தையல்கடை வைத்திருக்கும் அக்கா, அவன் இரவல் வாங்கிவந்த டைவிங் உடையின் பிரிந்த அக்குளை மூட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல் தீவுல தங்குறோம்க்கா. அங்கேருந்து படகுலயே அடுத்தது. பவளப்பாறை செவுரு மாதிரி கீழ இறங்குமாம். அதுக்கப்புறம்..."

விரல் நின்றது. கண் திறந்தே இருந்தது. அதில் ஆள் இல்லை. உதடு மட்டும் எதையோ மென்றது. அக்கா ஊசியைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தாள்.

"...கடைசித் தீவுல ஆஸ்பத்திரிகூட கிடையாது. ஏன் அப்படிப் பாக்குற?"

"இப்ப எங்கடா போயிட்டு வந்த?"

"எங்க போனேன்? இங்கதான இருக்கேன்."

3

(தம்பி வெறும் அசட்டுத் துணிச்சல்காரனாக வந்துவிட்டான். அது அநியாயம். அவனுக்கு எல்லாம் தெரியும்.)

"இப்படி அப்பப்ப நெனவு தப்புதுன்னு டாக்டர்கிட்ட போனா கடல் மட்டும் போகாதுக்கா. லிஃப்ட் குழியில இறங்க விடுவாங்களா? பொழப்பே போயிடும். இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். வாயத் திறக்காத."

"தண்ணிக்குள்ள மூச்சு விடுற குழாய் வாயிலேருந்து நழுவிட்டா?"

"நழுவாது."

"உனக்கே தெரியாம நழுவிட்டா?"

அவன் வரைபடத்தை மடித்தான். மடிப்பு சரியாக விழவில்லை. பிரித்தான், மறுபடி மடித்தான்.

4

முடிவு ஒன்று: அக்கா டைவிங் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுகிறாள். தம்பி பிழைத்துக் கிடக்கிறான், அவளோடு பேசுவதில்லை. (எழுதிவிட்டு அடித்தேன். பேசாத தம்பியோடு அவளை அந்த வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. படகின் விளிம்பிலிருந்து அவன் மல்லாக்கச் சரிந்தான், தண்ணீர் மூடியது, பிறகு...

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

ஆகவே, நான் போகத் துணிந்த தூரம் இவ்வளவுதான்:

மறுநாள் தையல்கடையில் அக்கா பயிற்சியாளருக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கம்மா. தம்பியப் பத்தி நாங்க ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

தைத்த உடையை எடுத்துப்போக வந்த தம்பி வாசலில் நின்றான். யாரோடு பேசுகிறாள் என்று புரிந்துவிட்டது. அவன் சத்தம் போடவில்லை. "அக்கா" என்றான், அவ்வளவுதான்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. உங்களுக்கு உண்டா? அப்படியானால் அந்தப் போனை நீங்கள் வாங்கிப் பேசுங்கள்.