சொர்ணவல்லி கட்சி மாறினாள்

செங்குளத்துப்பட்டியில் சொர்ணவல்லியிடம் மழையைப் பற்றிப் பேசலாம், மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசலாம், பால் சொசைட்டியில் நடக்கிற அக்கிரமத்தைப் பற்றிக்கூடப் பேசலாம். சீமைக்கருவேலத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தவர்கள் வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகிப் புகை கிளம்புகிற வரைக்கும் அவள் விடமாட்டாள்.

அவள் அந்த ஊராட்சியின் நாலாவது வார்டு உறுப்பினர். குடுமியான்மலைக்குப் போகிற ரோட்டோரம் இருக்கிற அய்யனார் கோயில்காடு அவளுடைய வார்டுக்குள்தான் வருகிறது. காடு என்பது பழைய பெயர். வீரையும் காசாவும் உலக்கைப்பாலையுமாக நாட்டு மரங்கள் நெருக்கியடித்து நின்ற இடம். இப்போது சாமியைச் சுற்றி நிற்கிற ஏழெட்டுக் கிழட்டு மரங்களை விட்டால், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். விறகுக்கு ஆகும் என்று எந்தக் காலத்திலோ யாரோ விதை தூவியது, விறகுக்கும் ஆகி, வேலிக்கும் ஆகி, கடைசியில் காடே தானாகிவிட்டது.

"கடல் தாண்டி வந்துச்சு, கேக்காம ஒக்காந்துச்சு, நம்ம தண்ணியக் குடிச்சுப்புட்டு நம்மளையே குத்துது" என்று கிராமசபையில் முழங்குவாள். கிராமசபையோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. பக்கத்துத் தெரு வளைகாப்பில், பிள்ளைத்தாச்சிக்கு வளையல் போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

இதற்கெல்லாம் பதில் கொடுக்கச் சரியான ஆள் ராசாத்திதான். சொர்ணவல்லியின் நாத்தனார். உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, ஊராட்சித் தலைவராகவும் ஆனவள்.

"மதினி, நீங்களும் இலுப்பூர்லேருந்து வந்து இங்கிட்டு வேர் விட்டவுகதானே? ஒங்களை எந்த வண்டிய விட்டுப் புடுங்குறது?"

"நான் வந்த எடத்துல நெழல் குடுக்குறேன் ஆத்தா. வேணும்னா ஒங்க அண்ணனையே கேட்டுக்க."

அண்ணன் கண்ணுசாமி ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "நெழலெல்லாம் நல்லாத்தான் குடுக்குறா. பக்கத்துல போறப்பதான் பாத்துப் போகணும்."

அந்த ஆடுகளால் சொர்ணவல்லிக்கு ஒரு பழைய ஆற்றாமை உண்டு. போன வருஷம் மழைக்கு முன்னால், கோயிலுக்குக் கிழக்கே இருந்த வெறும் தரையில் ஆட்களைத் திரட்டி நாட்டு மரக்கன்றுகளாக நட்டாள். குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினாள். கார்த்திகை முடிவதற்குள் ஊர் ஆடுகள் மொத்தமும் வந்து விருந்துண்டு போயின. முதல் பந்தியில் உட்கார்ந்தவை அவள் வீட்டு ஆடுகள். பக்கத்திலேயே தழைத்து நின்ற சீமைக்கருவேல இலையை அவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுகளத் திட்டாதே சொர்ணம். நாட்டுப்பற்று உள்ள ஆடுக. நாட்டுச் செடியத்தான் திங்கும்" என்றார் கண்ணுசாமி. அன்று ராத்திரி அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

ஒரு வழியாகக் கருவேலத்தைப் பிடுங்குகிற வேலைக்கு உத்தரவு வந்தது. ராசாத்தி நடையாய் நடந்து வாங்கியதுதான், ஆனாலும் "இது ஒங்களுக்காகத்தான் மதினி, இனிமேயாச்சும் ஊர்ல நாலு பேரு காது குளுந்து இருக்கட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். குளத்தூரிலிருந்து நிலவழகன் என்கிற பையன், கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன், பொக்லைன் வண்டியோடு வந்து சேர்ந்தான். சொர்ணவல்லி வண்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தேங்காயை அவள் உடைத்த வேகத்தைப் பார்த்து, சீமைக்கருவேலத்தின் மண்டைதான் அது என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் ரோட்டோரம் முழுக்கச் சுத்தமானது. வேரோடு பிடுங்கிப் போட்ட மரங்களைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். உலக்கைப்பாலை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மரம் சாயும்போதும் சொர்ணவல்லி "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அன்று வீட்டில் கேசரி.

மறுநாள் நிலவழகன் அய்யனாரின் மண்குதிரைகளுக்குப் பின்பக்கம் போனான். அங்கேதான் முள் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். மனுஷன் போகமுடியாது, ஆடும் போகாது. வண்டி ஒரு வாய் கடித்து, உள்ளே ஒரு சந்து உண்டாக்கியது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கிப் போன நேரத்தில், இந்தப் புதர் எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துவிடலாமே என்று சொர்ணவல்லி அந்தச் சந்துக்குள் குனிந்து நுழைந்தாள். எதிரியின் கோட்டைக்குள் கால் வைக்கிற பெருமிதம் அவளுக்கு.

பத்தடி போனதும் உட்கார்ந்துவிட்டாள்.

முள்ளுக்கு நடுவே, மங்கின வெளிச்சத்தில், வேறொரு பச்சை நின்றது. கெட்டியான, பளபளத்த, கருத்த பச்சை. முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, அதற்கப்பால் கும்பலாக. ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தாள். நுனியில் நகத்தால் கிள்ளி எடுத்தது மாதிரி ஒரு பள்ளம். காம்பை ஒடித்ததும் பால் துளிர்த்தது. உலக்கைப்பாலை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாளே, அந்தக் கிழவனின் பிள்ளை. அந்தப் பக்கம் காசா. கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கிற குருந்து. பெயர் தெரியாதவை நாலைந்து. மேலே முள்கிளை முழுக்கப் பறவை எச்சம் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருந்தது. கொண்டைக்குருவிகள் சாமி மரத்தில் பழத்தைத் தின்றுவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்து விதையைப் போட்டிருக்கின்றன. விழுந்த விதை முளைத்திருக்கிறது. முளைத்ததைக் கடிக்க ஒரு ஆடு உள்ளே வர முடியவில்லை.

அவள் குடம் சுமந்து வளர்த்ததெல்லாம் போய்விட்டது. அவள் கரித்துக் கொட்டியது வளர்த்ததெல்லாம் நின்றுகொண்டிருக்கிறது.

சந்தோஷம்தான் முதலில் வந்தது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது ராசாத்தியின் முகம். அது சிரித்தது. அதற்குப் பின்னால் ஊரே நின்று சிரித்தது. மூன்று வருஷம் பேசின பேச்சு ஒவ்வொன்றும் திரும்பி வந்து அவள் காதைப் பிடித்தது. இதை வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் எல்லாம் தரைமட்டம். அய்யனார் பார்த்திருப்பார், ஆனால் அவர் கிராமசபைக்கு வரப்போவதில்லை.

இந்த யோசனை எவ்வளவு நேரம் ஓடியதோ, எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வந்து, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வண்டியைக் கிளப்பிவிட்டான். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. சொர்ணவல்லி எழுந்து ஓடினாள். முந்தானை ஒரு முள்ளில் மாட்டியது, கொண்டை இன்னொன்றில். இரண்டையும் பிய்த்துக்கொண்டு, தலைவிரி கோலமாக, பொக்லைனின் இரும்புக் கைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நிறுத்து தம்பி! நிறுத்துடா!"

நிலவழகனுக்கு உயிர் போய் வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கும்பிட்டான். காட்டுக்குள்ளிருந்து ஏதோ அம்மன்தான் வந்துவிட்டது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னான்.

"அக்கா, நீங்களா! என்னாச்சுக்கா? பாம்பா?"

"பாம்பு இல்ல. இங்கிட்டு மரம் புடுங்க வேணாம்."

அவன் அவளைப் பார்த்தான். வண்டி மூக்கில் தொங்கிய மாலையைப் பார்த்தான். "அக்கா, நேத்துத்தானே தேங்கா ஒடைச்சீங்க?"

"நேத்து ஒடைச்சேன். இன்னைக்கு வேணாங்குறேன். ராசாத்திக்குப் போனைப் போடு."

ராசாத்தி ஸ்கூட்டியில் வந்தாள், கண்ணுசாமி பின்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் வழியெல்லாம் சிரிப்பு நின்றபாடில்லை. இறங்கியதும் ராசாத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மதினி, எங்க காதுல சரியா விழுகல. சீமைக்கருவேலத்த என்ன செய்ய வேணாம்னு சொன்னீங்களாம்?"

"புடுங்க வேணாம்னு சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க. அண்ணே, செல்போனை எடுண்ணே."

சொர்ணவல்லி நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் புகுந்தாள். ராசாத்தி கொஞ்சம் வாட்டசாட்டமானவள். குனிந்து போவதற்குள் அய்யனாரில் ஆரம்பித்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். உள்ளே போனபின் சத்தம் அடங்கிவிட்டது. வெளியே நின்ற கண்ணுசாமிக்குப் பயம் வந்து, "ரெண்டு பேரும் உசுரோட இருக்கீகளா?" என்று குரல் கொடுத்தார்.

"இருக்கோம்ணே" என்றாள் ராசாத்தி, கேலி இல்லாத குரலில். "இங்க ஒரு காடே இருக்குண்ணே."

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. சொர்ணவல்லி பேச எழுந்தபோது சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. "புடுங்குனா மொத்தமாப் புடுங்கணும், விட்டா வெதை பரவும், நீதானே சொன்னே?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "இப்பவும் அது நல்ல மரம்னு சொல்லல. உள்ள கன்னு இல்லாத எடத்துல நாளைக்கே வண்டிய விட்டுப் புடுங்குவோம். கன்னு இருக்குற எடத்துல சுத்துவேலி மாதிரி வெளிமுள்ள அப்படியே விடுவோம். உள்ள இருக்குறத நம்ம கையால, கொஞ்சங்கொஞ்சமா, கன்னுக்கு வெளிச்சம் வாரமாதிரி வெட்டுவோம். தூரையும் தோண்டி எடுக்கணும், இல்லாட்டி மறுபடி துளுக்கும். நெத்து பழுத்து விழுகுறதுக்குள்ள பெறக்கி எரிச்சுப்புடணும். ஆடு தின்னா ஊரு பூராவும் புழுக்கையில வெதைச்சுப்புடும்."

"ஆட்ட என்ன பண்றது?"

"கட்டிப் போடணும்."

எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார்.

காரியம் பேசினதைப் போல எளிதாக நடக்கவில்லை. நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் அரிவாளோடு உள்ளே போய், கையெல்லாம் கீறலாக வெளியே வந்து சொர்ணவல்லியை ஏசினார்கள். முதல் கோடையில் அவளே அவசரப்பட்டு ஒரு மூலையில் முள்ளை அதிகமாக வெட்டச் சொல்லிவிட்டாள். சித்திரை வெயில் நேராக இறங்கி, நிழலிலேயே வளர்ந்த காசாக் கன்றுகளைக் கருக்கிவிட்டது. இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. ராசாத்தி அந்த இரண்டு நாளும் கிண்டல் செய்யவில்லை, அதுதான் சொர்ணவல்லிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் அவளே ராசாத்தியிடம் போய், "என்ன ஆத்தா, பேச்சையே காணோம்?" என்று கேட்டாள். "எங்க கட்சித் தலைவி துக்கத்துல இருக்கும்போது எப்படிப் பேசுறது?" என்றாள் ராசாத்தி. சொர்ணவல்லி சிரித்துவிட்டாள். மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு கிளை வெட்டுவதற்கும் வெயில் எங்கே விழும் என்று நாலு பக்கமும் நின்று பார்த்தாள்.

கண்ணுசாமி ஆடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு, தழை ஒடித்துத் தலையில் சுமந்து வந்தார். "ஆட்டுக்கு மாமியா வீட்டு விருந்து" என்று டீக்கடையில் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

இரண்டு மழைக்காலம் போனது. பாலைக்கன்றுகள் ஆள் உயரம் வந்தன. உள்ளே முள் குறைந்து நடக்க வழி ஏற்பட்டது. சுற்றுமுள் இன்னும் நின்றது. அதை எப்போது எடுப்பது என்று வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தினம் சண்டை போட்டார்கள்.

ஒருநாள் காலை, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிலவழகன். சட்டையில் இரண்டு இடத்தில் கிழிசல், முழங்கையில் புதுக் கீறல்.

"வா தம்பி. யாரோட சண்டை?"

"ஒங்களாலதான்கா" என்று உட்கார்ந்தான். "கீரனூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில கருவேலம் எடுக்க ஒப்பந்தம். முன்னெல்லாம் போனோமா, வண்டிய விட்டோமா, வந்தோமான்னு இருப்பேன். இப்ப அந்த இரும்பத் தூக்குனாலே நீங்க தலைய விரிச்சுக்கிட்டு வந்து நிக்கிற மாதிரியே இருக்கு. எறங்கி, உள்ள தவுந்து போயி, மொத்தத்தையும் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன். ஊர்க்காரங்க எனக்குக் கிறுக்குன்னுட்டாங்க."

சொர்ணவல்லிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உள்ள என்ன இருந்துச்சு தம்பி? பாலையா? வீரையா?"

"ஒரு கீரிப்பிள்ளை இருந்துச்சுக்கா. என்னையப் பாத்ததும் ஓடிருச்சு. பீர் பாட்டில் கெடந்துச்சு. அம்புட்டுத்தான். ஒரு கன்னுகூட இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"வயித்தால ஊந்து பாத்தேன்கா."

"அப்புறம் என்ன செஞ்சே?"

"என்ன செய்ய? மொத்தத்தையும் புடுங்கிட்டேன்."

சொர்ணவல்லி அவன் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றாள். "இரு, ரெண்டு இட்லி வைக்கிறேன். சாப்பிட்டுட்டுப் போ."