கடைவாய்ப் பல் பிடுங்க ஆன காலம்

பூட்டு ரிப்பேர்காரருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க நான்கு வருடம் இரண்டு மாதம் ஆனது. அதில் பல்லைப் பிடுங்கிய நேரம் நான்கு நிமிடம். ஊசி வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே வேலை செய்தது, வேறொருவர் வாயில். முதல் நாள் டாக்டர் அவருடைய ஈறில் ஊசியை இறக்கியபோது, சாலைக்கு எதிர்ப்புறம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் தாடை மரத்துப்போனது. பத்தே கால் மணிக்கு அந்த அம்மாள் செய்த அறிவிப்பு ஒருவருக்கும் விளங்கவில்லை. பரீட்சை எழுதப் போன முப்பது பேர் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

டாக்டர் நம்பவில்லை. இன்னும் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் அவளுக்குத்தான் வாய் கோணியது. இவர் வலி பொறுக்காமல் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார். வேறு டாக்டர்களிடம் போட்ட ஊசியும் வழி தவறாமல் அவளிடமே போய்ச் சேர்ந்தது. பதினோரு வருடம் டிக்கெட் கிழித்த பிறகு கிடைத்த மைக் அது. இன்னொரு முறை உளறினால் பார்சல் கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்று மேலாளர் கடிதமே கொடுத்துவிட்டார். அவள் நேராக டாக்டரிடம் வந்தாள்.

“அவரு வாயில ஊசி போட்டா என் வாய் ஏன் டாக்டர் கோணணும்? ஊசியே வேணாம், அப்படியே பிடுங்கிடுங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பூட்டு ரிப்பேர்காரர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

வழி சொன்னவர் நர்ஸ்தான். இவருடைய ஊசி இன்னொருவருக்குப் போகிறதென்றால், யாரோ ஒருவருடைய ஊசி இவருக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒரு விடுமுறை நாளில் மனைவிக்குப் போட்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு மரத்தது. அன்று வீட்டில் நிலவிய நான்கு மணி நேர அமைதியைப் பற்றி மருமகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் புகழ்ந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமியாருக்குப் போட்டது வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரருக்குப் போனது, அவருடையது முடிதிருத்துபவருக்கு. ஒவ்வொருவரையும் கண்டுபிடிக்க மாதக்கணக்கானது. மரத்துப்போனால் மரத்துப்போனது என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? முடிதிருத்துபவர் பக்கவாதம் என்று பயந்து ஏழு மாதம் மூடி மறைத்தார். இதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. பூட்டு ரிப்பேர்காரர் ஒரு பக்கமாகவே மென்று மென்று ஒரு கன்னம் மட்டும் பெருத்துப்போனார். இப்படியே கைமாறிப் போய், ஒன்பதாவது ஆள் நர்ஸ். அவருக்குப் போட்டதும் டாக்டரின் உதடு தொங்கி, குடித்த டீ சட்டையில் வழிந்தது.

ஆக, அடுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர் டாக்டர்தான். முப்பது வருடமாக எல்லோரிடமும் “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சொன்ன மனிதர் அவர். முதலில் ஜலதோஷம் என்றார். பிறகு மாநாடு என்றார், நாற்காலியின் மோட்டார் பழுது என்றார். பதினோரு மாதம் இப்படியே இழுத்தடித்தார். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, பல்வலிக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! கடைசியில் அந்த அம்மாள் வந்து, காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, மைக் குரலிலேயே சொன்னாள்.

“இந்த வயசுல ஒரு எறும்புக்குப் பயப்படுறீங்களே டாக்டர்!”

மறுநாள் காலை டாக்டரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மைக் முன்னால் இருந்தாள். கணக்குத் தப்பி ஊசி அவளிடம் போனால் பார்சல் கிடங்குதான். நர்ஸ் ஊசியை இறக்கினார். டாக்டர் குழந்தை மாதிரி அலறினார். பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கவனித்தார்கள். “மூன்றாவது நடைமேடையிலிருந்து பத்தே கால் மணிக்கு...” என்று குரல் வந்தது. எழுத்து எழுத்தாக, மணி மணியாக வந்தது. பூட்டு ரிப்பேர்காரர் சந்தோஷத்தில் சிரிக்கப் பார்த்தார். உதடு வரவில்லை. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இடுக்கியை எடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாலையைக் கடந்து வந்தாள். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவரையும் தட்டில் கிடந்த பல்லையும் பார்த்தாள்.

“இதுக்கா நாலு வருஷம்?”

அவர் ஏதோ பதில் சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“இப்பத் தெரியுதா?” என்று சொல்லிவிட்டு அவருடைய பெருத்த கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

‘பல் பிடுங்க இருபது நிமிடம்’ என்றிருந்த பலகையை டாக்டர் அந்த வாரமே மாற்றி எழுதினார். பல் பிடுங்க நான்கு நிமிடம். யாருடைய ஊசி தமக்கு வருகிறதோ, அவரைக் கையோடு அழைத்து வரவும்.