சிவப்பு வந்தால்

வாயை மூடிக்கொண்டிருப்பது மாதேஸ்வரிக்கு என்றைக்கும் கைவந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பேசவே கூடாது என்பது நிபந்தனை. போட்டவர் ராஜப்பன், கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்கள் போடுகிற பதிப்பாளர்.

"புரோகிராம்னா என்னான்னே தெரியாத ஒரு ஆளக் கூட்டியாம்மா. உன் புஸ்தகத்துல நாலாவது பாடத்த அவரே படிச்சி, அவரே செய்யணும். நீ வாயத் தொறந்தா அதோட முடிஞ்சிச்சி. புஸ்தகம் வாங்குறவன் வூட்டுக்கெல்லாம் நீ போயி ஒக்காந்துக்குவியா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டாள்.

ஹாஸ்கெல் என்கிற கணினி மொழியைத் தமிழில் சொல்லித்தரும் முந்நூறு பக்கம் அது. சின்னச் சின்னச் செயல்களை எழுதி, ஒன்று கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும்படி கோத்துக்கொண்டே போகும் மொழி. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருந்தன. சென்னையில் இரண்டு பேர், 'இதை யாரும்மா படிப்பாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராஜப்பனும் கையை விரித்தால் அதற்கப்புறம் கேட்க ஆளில்லை.

படிக்க வந்தவர் முனிராஜ். ஓசூரில் மாதேஸ்வரி மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கும் அதே கம்பெனியில் பதினோரு வருடமாக, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். சொந்த ஊர் கல்லாவி. லைன் லீடரிடம் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, மெஷினைத் திட்டுவது மட்டும் சுத்தத் தமிழில். மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருந்த மாடி வீட்டில், லேப்டாப் முன்னால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜப்பன் பின்னால் ஒரு நாற்காலியில்.

முதல் அரை மணி நேரம் அருமையாகப் போனது. பிரஸ்ஸிலிருந்து வரும் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அங்கிருந்து பேக்கிங்குக்கும் போகிற மாதிரி செயல்களைக் கோக்கும் உதாரணத்தைப் படித்து அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். மாதேஸ்வரிக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு வரியில் அடைப்புக்குறியை விட்டுவிட்டார். திரையில் தப்பைச் சுட்டும் சிவப்பு எழுத்து வந்தது.

முனிராஜ் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யோசிக்கிறார் என்று நினைத்தாள். ஐந்து நிமிடம் போனது, பத்தும் போனது. கை மடியை விட்டு எழவில்லை. ஒரே ஒரு அடைப்புக்குறி! அவள் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டாள். ராஜப்பன் டீயை உறிஞ்சிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனபோது முனிராஜின் பின்கழுத்தில் வியர்வை ஓடியது. பாடம்தான் புரியவில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். நாலாவது பாடம் குப்பை, அதற்கு முந்தின மூன்றும் குப்பை, சென்னைக்காரர்கள் சொன்னதுதான் சரி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போதும்" என்றார் ராஜப்பன். "என்னாப்பா, புரியலையா?"

"புரிஞ்சிச்சிங்க. ஒரு பிராக்கெட்ட உட்டுட்டேன். அங்க போடணும்."

"தெரிஞ்சிமா சும்மா ஒக்காந்திருந்த?"

முனிராஜ் அவரைப் பார்க்காமல் மாதேஸ்வரியைப் பார்த்தார். "செவப்பு வந்துடுச்சிங்களே. செவப்பு வந்தா கைய எடுத்துட்டு, ஆள் வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு மேடம்தாங்க சொல்லிக் குடுத்தாங்க."

அவளேதான் சொல்லிக்கொடுத்தாள். போன வருடம் மெஷினில் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரியும்போது பிரதாப் என்கிற தொழிலாளி பிரஸ்ஸுக்குள் கையை விட்டு இரண்டு விரலை இழந்தான். மறுநாளே அவள் நாற்பத்திரண்டு பேரை உட்காரவைத்து வகுப்பெடுத்தாள். அந்த விதியை ஒவ்வொருவரையும் கைப்பட எழுதவைத்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டுக்கொடுத்தாள். அந்த வகுப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ராஜப்பன் கையெழுத்துப்படியைப் புரட்டினார். "இத்தன பக்கத்துல செவப்பு வர்ற எடம் எங்கம்மா இருக்குது?"

எங்கும் இல்லை. இந்த மொழியைப் படித்த காலத்தில் அவள் பார்த்த சிவப்புக்குக் கணக்கே கிடையாது. புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்தி எழுதி ஐ.டி.ஐ. தொறக்கறதுக்குள்ள ஆவாது. இத இப்பிடியே போட முடியாது" என்று ராஜப்பன் எழுந்தார். செருப்பை மாட்ட வாசலுக்குப் போனார்.

"மேடம்" என்றார் முனிராஜ். "இதுல கை வெக்கலாம்னு எழுதிக் குடுங்க. சைன் போட்டு."

அவர் முகத்தில் கேலி இல்லை. மாதேஸ்வரி ஒரு தாளை இழுத்து எழுதினாள்: 'இந்தத் திரையில் சிவப்பு வந்தால் கையை எடுக்காதீர்கள். இது விரலை வாங்காது. என்ன தப்பு என்று படித்துப் பாருங்கள், திருத்துங்கள். மறுபடியும் தப்பானால் மறுபடியும் திருத்துங்கள்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த ராஜப்பன் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முனிராஜின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"இது மொதப் பக்கத்துல வரணும். பாடத்துக்கு ஒரு தப்பாவது இருக்கணும். தீவாளிக்குள்ள எழுதிக் கொண்டா, போடறேன்."

அவள் தலையாட்டினாள்.

முனிராஜ் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டினார். அடைப்புக்குறியைத் தட்டினார். விடை வந்ததா என்று திரையைப் பார்ப்பதற்கு முன்னால், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.